ரேபாவிடம் விடைபெற்ற மாலை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விவரம் பிறகு.

1. 2005 டிசம்பர் 31, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி இருக்கும். கொல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில், நான் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவருடைய முதல் மனைவியின் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது பழக்கத்தில் ஒரு வார்த்தை சொன்னேன்.

2. அதற்குப் பதில் வந்தது.

3. மறுநாள், புத்தாண்டு ஞாயிறு, காலை ஆராதனையில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்த போதகர் நடுவில் நிறுத்தினார். இருபது விநாடிக்குக் குறையாது.

4. ஏன் நிறுத்தினார் என்பதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

5. திரும்பி வரும் ரயிலில் சுபீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவுதான். இதில் வெள்ளைப் புடவை இல்லை, நாய் ஊளை இல்லை. இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், இப்படிச் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் நம்பாமல் இருப்பது என் வேலையும்கூட. கொல்கத்தா சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவள் நான். அதை எழுதியவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். நான் நம்பக் கூடாது, அதற்குத்தான் சம்பளம். என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுவேன். ‘ஏதோ மாதிரி இருந்தது’ என்பதற்கு அந்த மூன்று வரியில் இடமில்லை. ஊரில் சித்தப்பாவை வழிமறித்த உருவத்தைப் பற்றி அம்மா சொல்லும்போதெல்லாம், அப்போது மணி என்ன, வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது மாற்றலாகி இங்கே கொல்கத்தாவுக்கு வந்தோம், அப்போதிருந்து பெஹாலாவில்தான் வீடு. அம்மாவின் வங்காளம் மீன் சந்தையோடு சரி. என்னுடையது அப்படியில்லை, நான் கனவு காண்பதே அந்த பாஷையில்தான்.

சுபீர் என் அலுவலகத்தில் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட ஆறு வயது பெரியவர். வாரநாட்களில் பாலிகஞ்சில் மெஸ் என்று சொல்லும் ஆண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்து, சனிக்கிழமை தவறாமல் கிராமத்துக்குப் போவார். அங்கே அவருடைய அம்மாவும் ஐந்து வயது மகள் மிட்டுவும். மனைவி ரேபா, மிட்டுவுக்கு ஒரு வயதாக இருந்தபோது காய்ச்சலில் இறந்துவிட்டாள். இதையெல்லாம் அவர் என்னிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அம்மாவைச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

“ரெண்டாந்தாரமா குடுக்கதுக்கா உன்னை இன்ஜினியரிங் படிக்க வச்சோம்?” என்று அம்மா ஒரு மாதம் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். வருஷக் கடைசியில் அந்த ஊருக்குப் போய் வீட்டையும் ஆட்களையும் கோயிலையும் நேரில் பார்க்க வேண்டும், பார்த்துப் பிடித்தால்தான் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று ஆராதனையில் சபையாரைக் கேட்பதைத்தான் எங்கள் பக்கத்தில் ஓலை வாசிப்பது என்பார்கள். சுபீரின் ஊரில் அந்த முதல் வாசிப்பைப் புத்தாண்டு ஆராதனையில் வைத்துக்கொள்வது வழக்கம். புதிதாகத் தொடங்குவதை எல்லாம் அன்றைக்குத் தொடங்கிவிடுவார்கள். ஆக, ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு ஊர் பேசும்.

அப்பாவுக்கு அந்த வாரம் டியூட்டி. அம்மாவும் நானும் சுபீரோடு பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறினோம். ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு சைக்கிள் வேன், அதாவது பின்னால் பலகை அடித்த மிதிவண்டி, அதில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டும். அம்மா கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, “ஏட்டி, இதுல இருந்து நான் விழுந்தா உங்கப்பாவுக்கு என்ன சொல்லுவ?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே யாரும் தமிழ் படிக்க மாட்டார்கள், இருந்தாலும் வேண்டாம்.

நாற்பது வீடு இருக்கும், நடுவில் குளம், குளத்தங்கரையில் மஞ்சள் சுண்ணாம்பு அடித்து உச்சியில் சிலுவை வைத்த சின்னக் கோயில். வருஷத்தின் கடைசி நாள் என்பதால் ஊரே வேலையில் இருந்தது. வீட்டுத் தரைகளைச் சாணமும் மண்ணும் கரைத்துப் புதிதாக மெழுகிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் காகிதத் தோரணம் கட்டினார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் அன்று பொழுது சாய்வதற்குள் பேசிவிட வேண்டுமாம். வேலித் தகராறில் எட்டு மாதமாக முகம் பார்க்காத இரண்டு சகோதரர்களை ஒரே திண்பண்டத் தட்டின் முன்னால் உட்கார வைத்திருந்ததை நானே பார்த்தேன். இருவரும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுபீரின் அம்மாவை நான் மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிட்டேன். எலும்பும் தோலுமான மனுஷி, பேச்சு கொஞ்சம்தான். அவர்களுக்கும் சேர்த்துப் பேசுவதற்குப் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள், ஊருக்கே அவள் காகிமா, அதாவது சித்தி. வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க மாட்ராஜிங்க எல்லாத்துலயும் புளி போடுவீங்களாமே. பாயசத்துலயுமா?”

நான் மொழிபெயர்த்ததும் அம்மா அசரவில்லை. “நீங்க பருப்புலயே சீனி போடுதீங்களே, நாங்க ஏதாவது கேட்டமா?”

இதை நான் திருப்பிச் சொன்னபோது மாஷிமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்து, நான் உரித்துக் கொடுத்த ஆரஞ்சுச் சுளைகளை ஒன்றொன்றாகத் தின்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்னைக் கேட்டிருந்தால் முடிவு என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான்கு மணிக்கு மேல் பெண்கள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முடிவதற்கு முன் கல்லறைகளைக் கழுவிச் செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்த வருஷம் வீட்டில் நடந்த செய்திகளை இறந்தவர்களிடம் சொல்லிவிட வேண்டும். மாடு கன்று போட்டது, பையன் பரீட்சையில் தேறியது, கூரை மாற்றியது, எல்லாம். சத்தமாக இல்லை, சாதாரணமாகப் பேசுகிற குரலில். தோட்டம் முழுக்க அந்தப் பேச்சு கேட்டது.

ரேபாவின் கல்லறை வேலியோரம், கடைசி வரிசையில். முழங்கால் உயரம்கூட இல்லாத சிமெண்டு மேடை. மாஷிமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் அந்த வருஷச் செய்தி நான்தான் என்பது எனக்கு அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

“பௌமா, சுபீர் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கப் போறான். பொண்ணு இவதான். மாட்ராஜி, ஆனா நம்ம சபைதான். கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை. மிட்டு இவ கையால சாப்பிடுது,” என்றார்கள். பௌமா என்றால் மருமகளே. பிறகு என்னைப் பார்த்து, “நீயும் ஏதாவது சொல்லு மா. நான் அவரைப் பார்த்துட்டு வரேன்,” என்று தன் கணவரின் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். மிட்டுவுக்கு ஆரஞ்சு பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அசட்டுத்தனமாக இருந்தது, அதோடு நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துப் பக்கமிருந்து பனி வர ஆரம்பித்திருந்தது, ஆனால் வெளிச்சம் இருந்தது, கைக்கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது. கால் மரத்துப்போய் எழுந்தேன். எழும்போது “ஆஷி” என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் யாரிடமும் போகிறேன் என்று சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்கிறோம். போறேன்னு சொல்லாதட்டி, வாரேன்னு சொல்லு என்று வாசலில் நிறுத்திச் சொல்லிச் சொல்லியே அம்மா என்னை வளர்த்தாள். வங்காளிகளும் அப்படியே. கிளம்புகிறவர் ‘ஆஷி’ என்பார், வருகிறேன். இருப்பவர் ‘எஷோ’ என்பார், வா. அவ்வளவுதான் விடைபெறுதல். இரண்டு பாஷையிலும் ஒரே மரியாதை என்பதால் எனக்கு அது யோசிக்காமல் வருகிற வார்த்தை. லிஃப்டில் ஏறும்போதுகூடச் சொல்வேன்.

“எஷோ.”

பெண் குரல். முணுமுணுப்பு இல்லை, காற்று இல்லை. கையில் ஏதோ வேலையாக இருப்பவள், தலையைத் திருப்பாமல் சொல்வது போல. என்னை நிற்க வைத்தது அந்த வார்த்தை அல்ல, அது வந்த உயரம். என் முழங்காலுக்குக் கீழே இருந்து வந்தது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவளிடம் நின்றுகொண்டு பேசினால் பதில் எந்த உயரத்திலிருந்து வருமோ, அங்கிருந்து.

நான் கத்தவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தேன், அதாவது சுற்றிப் பார்த்தேன். மாஷிமா முப்பது அடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா மிட்டுவோடு வாசலில் நின்றாள். மற்ற பெண்கள் முன் வரிசைகளில் இருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அறுத்த வயல், ஒரு கொக்குகூட இல்லை. எட்டிப் பார்த்தேன், கல்லறையின் பின்பக்கமும் பார்த்தேன். மெழுகுவர்த்தி ஆடாமல் எரிந்தது. அதன் பிறகு வாசல்வரை நடந்து வந்தது எனக்கு நினைவில்லை.

அன்று ராத்திரி அடுப்பங்கரையில் எல்லோரும் அரிசி மாவுப் பிட்டேவுக்குத் தேங்காய்ப் பூரணம் உருட்டிக்கொண்டிருந்தோம். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். “மாஷிமா, கல்லறையை விட்டுக் கிளம்பும்போது என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்லக் கூடாது மா. சும்மா எழுந்து வந்துடணும். நீ சும்மாதானே வந்தே?”

“ஆமாம்,” என்றேன்.

காகிமா இதற்காகவே காத்திருந்தவள் போல ஆரம்பித்தாள். “அங்கே ஆஷின்னு சொன்னா அது வாக்குக் குடுத்த மாதிரி. எங்க பெரிய மாமியார் வாய் தவறிச் சொல்லிட்டு வந்தாங்க. அடுத்த குளிர்காலம் வரைக்கும்கூட...”

“பிட்டேவைப் பாரு, கருகுது,” என்றார்கள் மாஷிமா.

கருகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த விதி எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது நடக்கத் தெரிவது போல. வெளியாள் ஒருத்தி அங்கே வந்து மரியாதையாக விடைபெறுவாள் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்.

படுத்த பிறகு அம்மா இருட்டில் கேட்டாள். “என்னட்டி, சாயந்திரத்துல இருந்து மூஞ்சி வெளிறிப் போயிருக்கு?”

“குளிரும்மா.”

“குளிரா. இங்க பாரு, வீடு சின்னது, அது எனக்குப் பெருசில்ல. அந்தப் பிள்ளை உன்கிட்ட ஒட்டிக்கிடுச்சு. கெழவியும் நல்லவளாத்தான் தெரியுதா. ஆனா உனக்கு இஷ்டமில்லைன்னா இப்ப சொல்லு. ஓலை வாசிச்ச பெறவு சொல்லாத.”

நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தார்கள். யார் யாரோ வெளியில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். நான் போர்வைக்குள் கடிகாரத்தின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அடுத்த வீடு தெரியாத அளவு பனி. கோயிலுக்குள் பெஞ்சுகள், இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். எல்லோரும் சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள். எனக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் பெஞ்சின் முனைவரை காலி, அதன் பிறகு சுவர். மிட்டு என் மடியில் பாதி படுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், புதுச் சாக்ஸ் போட்ட கால்கள் இடது பக்கம் நீட்டியிருந்தன. அம்மா என் காதருகில், “என்னட்டி?” என்றாள். நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, தெரியாது என்று ஆட்டினேனா என்பது எனக்கே தெரியாது. அம்மா எதிர்ப்பக்கத்திலிருந்த சுபீரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

போதகரை அங்கே பாலக்பாபு என்பார்கள். நாற்பது வயது, கண்ணாடி, வடக்கு வங்காளத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெயர்களை வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பயம் எல்லாம் ஒன்றுதான், அந்தக் குரல் திரும்ப வந்துவிடக் கூடாது. இத்தனை பேர் நடுவில், இந்த நிசப்தத்தில், கீழே இருந்து.

வழக்கமாக அந்தக் கேள்விக்குப் பிறகு மூச்சு விடுகிற நேரம்தான் விடுவார்கள். அவர் நிறுத்தினார். நான் எண்ண ஆரம்பித்தேன், அது என் பழக்கம். பத்து, பதினைந்து. யாரோ இருமினார்கள். இருபதைத் தாண்டும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். குரல் எதுவும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, நிம்மதியில்.

ஆராதனை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சமபந்தி. இலைத் தட்டில் கிச்சடி வாங்கிக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். பாலக்பாபு தேடி வந்தார்.

“உங்க கூட வந்தவங்க சாப்பிட்டாங்களா?”

“அம்மா அங்கே இருக்காங்க.”

“அம்மா இல்லை. உங்களுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாங்களே,” என்று தன் இடது கையைக் காட்டினார். “தாமதமா வந்தாங்க. நான் கேள்வி கேட்டப்போ வாசல்ல நின்னு கையை இவ்வளவு தூக்கினாங்க.” தோள்வரை கையை உயர்த்திக் காட்டினார். “ஏதோ சொல்லப் போறாங்கன்னு காத்திருந்தேன். உங்களைப் பார்த்தாங்க. நீங்க தலை குனிஞ்சிருந்தீங்க. அப்புறம் கையை இறக்கிட்டு, வந்து உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டாங்க. இந்தக் குளிர்ல ஒரு சால்வைகூட இல்லை.”

நான் இலைத் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“கோபமா இருக்கிற உறவுக்காரங்களா இருக்கலாம், நான் கேட்க மாட்டேன். ஆனா சொல்ல வந்ததை ஒருத்தர் சொல்லாம போனா, கேட்டுக்க வேண்டியது என் கடமை. அடுத்த ஞாயிறுக்குள்ள என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றேன்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அப்போதுதான் எனக்கு மிட்டுவின் கால்கள் நினைவுக்கு வந்தன. ஆராதனை முழுக்க நான் அந்த வெள்ளைச் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பலகையில் படவில்லை. பலகைக்கு ஒரு சாண் மேலே, ஆடாமல், யாரோ மடியில் வாங்கிக்கொண்டது போல இருந்தன. பார்த்தபோது அது எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாஷிமா வீட்டு முன்னறையில் ரேபாவின் படம் மாட்டியிருக்கிறது. பாலக்பாபு அந்த வீட்டுக்கு வந்திருந்தாலும் படத்தை உற்றுப் பார்த்திருக்க மாட்டார். அதை எடுத்து வந்து காட்டி, இவங்களா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். குரலைக் கேட்டது நான், உருவத்தைப் பார்த்தது அவர், நான் கேட்டதை அவரிடம் சொல்லவே இல்லை. இரண்டு தனித்தனி சாட்சிகள். இதைவிடச் சுத்தமான சோதனை என் வேலையில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டுக்குப் போனேன். படத்தின் சட்டத்தில் கை வைத்தேன். மெலிந்த முகம், நடு வகிடு, சிரிக்கலாமா வேண்டாமா என்று கேட்பது போன்ற பார்வை.

“என்ன வேணும் மா?” என்றார்கள் மாஷிமா பின்னாலிருந்து.

“ஒண்ணுமில்லை, தூசி.”

கையை எடுத்துவிட்டேன். ஆமாம் என்று அவர் சொன்னால் நான் இந்தக் கல்யாணத்தைச் செய்துகொள்ள முடியாது. இல்லை என்று சொன்னால், உயிரோடு ஒரு பெண் எங்கோ ஆட்சேபணையோடு இருக்கிறாள் என்று ஆகும். இரண்டு விடையையும் என்னால் தாங்க முடியாது என்பதால் நான் சோதிக்காமல் விட்ட ஒரே விஷயம் அது.

மாலை ரயிலில் அம்மா ஜன்னலோரம் கடலை தின்றபடி தூங்கிப்போனாள். நான் சுபீரிடம் கல்லறையில் கேட்ட குரலை மட்டும் சொன்னேன். பாலக்பாபு சொன்னதைச் சொல்லவில்லை. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அல்லது பயந்துவிட்டாயா என்று கேட்பார் என்று. அவர் முன்னால் குனிந்து கேட்டது இதுதான்.

“சரியா ஞாபகப்படுத்திச் சொல்லு. ‘எஷோ’வா, ‘எஷோ நா’வா?”

வங்காளத்தில் அந்த ‘நா’வைக் கெஞ்சலாகச் சேர்த்தால், வாயேன் என்று அர்த்தம். அழுத்திச் சொன்னால், வராதே என்று அர்த்தம். சொற்கள் ஒன்றுதான், தொனிதான் வேறு.

“ஏன் கேக்கறீங்க?”

“திங்கட்கிழமை விடியக்காலை நான் ரயிலுக்குக் கிளம்பும்போது ரேபா வெறும் ‘எஷோ’ சொல்ல மாட்டா. ‘எஷோ நா’ன்னுதான் சொல்லுவா. சீக்கிரம் வாங்களேன்ங்கற மாதிரி.” தூங்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நாலு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை போறேன். எனக்கு ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை.”

அவர் குரலில் இருந்தது பயம் இல்லை. பொறாமை. அதைக் கேட்டதும் நான் கல்லறையில் பயந்ததைவிட அதிகம் பயந்தேன்.

அந்த ‘எஷோ’வுக்குப் பிறகு ஒரு சின்னச் சத்தம் இருந்தது. மெழுகுத் திரி பொரிந்தது என்று எண்ணியிருந்தேன். அது ‘நா’வாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவள் வா என்று சொல்லியிருந்தால் மறுநாள் எதற்குக் கை தூக்கினாள்? வராதே என்று சொல்லியிருந்தால் எதற்கு இறக்கினாள்? வேறு எதையோ சொல்ல வந்தாளா? சுபீரைப் பற்றியா, மிட்டுவைப் பற்றியா, என்னைப் பற்றியா?

புதன்கிழமை அம்மா கேட்டாள். “மேல போவமா, நிறுத்துவமா?” ஒரு தாளை இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். நிறுத்துவதற்கான பக்கத்தில் இருந்த எதையும் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. போவோம் என்றேன். இரண்டாம், மூன்றாம் வாசிப்புகள் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்ததாகச் சுபீர் வந்து சொன்னார்.

பிப்ரவரியில் அதே கோயிலில் கல்யாணம். கையெழுத்துப் போடுவதற்காகப் பாலக்பாபு பதிவேட்டைத் திறந்தபோது ஓலை வாசிப்புப் பக்கம் முதலில் வந்தது. ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆட்சேபணை ‘நேய்’ என்று, அதாவது இல்லை என்று, எழுதியிருந்தது. எங்கள் பெயருக்கு எதிரே இரண்டில் இருந்தது. முதல் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“அவங்க வரவே இல்லை,” என்றார் மெதுவாக. பக்கத்தைத் திருப்பிப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

இப்போது 2009. நாங்கள் பெஹாலாவில், அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். மிட்டுவுக்கு ஒன்பது வயது, என்னை நொதுன் மா, புது அம்மா, என்று கூப்பிடுகிறாள். சுபீர் நல்லவர். மூன்று வருஷத்தில் நான் குறை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் இதை எழுத முடிகிறது. பாலக்பாபு மாற்றலாகி வடக்கே போய்விட்டார், முகவரி என்னிடம் இருக்கிறது, படத்தை அனுப்பிக் கேட்கவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு நான் மறுபடி போகவில்லை. போன மாதம் மிட்டுவின் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்குவதற்காகச் சுபீர் ஊர்க் கோயிலுக்குப் போனார். அந்தப் பதிவேட்டில் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தார். முதல் கட்டம் காலியாகத்தான் இருக்கிறதாம்.